நடக்காத வகுப்பின் நாட்குறிப்பு

கடைசி பெஞ்சில் இரண்டு தலைகள்

கரும்பலகையில் ‘மழை’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் என் நாட்குறிப்பு திறந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன.

ஒன்று நரைத்த தலை. எங்கள் பி.எட். கல்லூரியிலிருந்து என் வகுப்பைப் பார்வையிட வந்திருந்த வசந்தா மேடம். இன்னொன்று சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. எட்டாம் வகுப்பு மாணவி பர்வீன். வேறு இடம் இல்லாததால் மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று வியாழக்கிழமை. அவர்கள் படித்துக்கொண்டிருந்த பக்கமும் வியாழக்கிழமைதான். அதாவது, நான் அப்போதுதான் தொடங்கியிருந்த வகுப்பு எவ்வளவு அருமையாக முடிந்தது என்று அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. எழுதியவள் நான். எழுதியது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தில்.

எனக்கு ஆபத்து வரும்போதெல்லாம் மூளை நின்றுவிடும், காது மட்டும் கூர்மையாகிவிடும். மொரப்பூர் பக்கம் ஒரு ரயில் போவது கேட்டது. சத்துணவுக்கூடத்தில் சாம்பார் தாளிக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தில் ஏதோ ஒரு பறவை, விட்டுவிட்டு ஒரே சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது. மேடம் பக்கத்தைத் திருப்பும் சத்தமும் கேட்டது.

பக்கத்தைத் திருப்பினால் வெள்ளிக்கிழமை வரும். அதையும் எழுதி வைத்திருந்தேன்.

சீனியர் ரெக்கார்டு

பி.எட். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்களுக்கு கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஆசிரியர் ஆவதற்குப் படிக்கிறவர்களைச் சில வாரங்களுக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பிள்ளைகளுக்கு நாங்கள் ‘பிஎட் டீச்சர்’. பாதி டீச்சர், பாதி விருந்தாளி. தினமும் வகுப்பு எடுத்துவிட்டு, அன்று என்ன நடந்தது, பிள்ளைகள் என்ன சொன்னார்கள், நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும். அதில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்கு உட்காரலாம். கையெழுத்து இல்லையென்றால் அந்த வருடம் போச்சு.

நாட்குறிப்பை யாரும் அன்றன்றைக்கு எழுதுவதில்லை. சீனியர்கள் தங்கள் ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை அவர்களும் யாரிடமிருந்தோ வாங்கியிருப்பார்கள். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வாக்கியம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. என் தோழி ரேவதி அப்படியே பார்த்து எழுதி, நல்ல வெயில் நாளில் ‘கனமழை காரணமாக வகுப்பு வராந்தாவில் நடைபெற்றது’ என்று எழுதிவிட்டாள். அவள் போன பள்ளிக்கு வராந்தாவே கிடையாது.

நான் பார்த்து எழுதவில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கல்லூரி மலரில் இரண்டு கதைகள் வந்திருந்தன, ஊரில் நாலு பேர் ‘எழுதற புள்ள’ என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எழுதுகிற பிள்ளை இன்னொருத்தரைப் பார்த்து எழுதலாமா? அதனால் ஐந்து நாளையும் சொந்தமாகவே கற்பனை செய்து, ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிடுவேன்.

கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவது வழக்கம். எதிரே மஞ்சள் விளையும் காடு. மதிய வெயிலில் காற்று இலைகளைப் புரட்டும்போது அது ஒரு வகுப்பறை மாதிரி எனக்குத் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். என் கற்பனை வகுப்பில் யாரும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க மாட்டார்கள். பேனா மை தீராது. நான் கேட்கும் கேள்விக்கு நான் நினைத்த பதில், நான் நினைத்த சொற்களிலேயே வரும். பேருந்தில் போகும்போதும் அந்த வகுப்பிலேயே இருப்பேன். மொரப்பூரில் இறங்க வேண்டியவள் ஒரு தடவை இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, குச்சிக்கிழங்கு ஏற்றிய வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறேன். அன்றைக்கும் கனவு கலையவில்லை.

அம்மா துணி எடுக்க மாடிக்கு வரும்போது கேட்பார்.

“நாளைக்கு நடக்கப் போறத இன்னிக்கே எழுதறியே, நீ என்னா ஜோசியமா படிக்கற?”

“எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க.”

“எல்லாரும் எழுதுனா சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்கு என்னை முன்பே தெரியும்.

போகாத ஒகேனக்கல்

முன்பே என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து.

பள்ளியில் ஒகேனக்கலுக்குச் சுற்றுலா அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். போய் வந்து எல்லாரும் கட்டுரை எழுத வேண்டும், நல்ல கட்டுரைக்குப் பரிசு. எனக்குப் பொறுக்கவில்லை. போவதற்கு முந்தைய நாளே கட்டுரையை எழுதிவிட்டேன். பென்னாகரம் தாண்டியதும் காடு தொடங்கியது, குரங்கு என் முறுக்கைப் பிடுங்கியது, பரிசல் சுழன்றது, அருவியின் சாரல் என் முகத்தை நனைத்தது என்று மூன்று பக்கம்.

மறுநாள் பேருந்து வரவில்லை. ஆற்றில் தண்ணீர் அதிகம், பரிசலுக்குத் தடை என்று சுற்றுலாவையே நிறுத்திவிட்டார்கள். புளிச்சோற்றை வகுப்பிலேயே சாப்பிட்டோம். என் தூக்கில் இருந்த சோறு ஆறிப் போய், அதன் மேல் எண்ணெய் உறைந்திருந்தது.

கட்டுரை இருக்கிறதே, அதை என்ன செய்வது? கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எங்கள் டீச்சருக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகாமலே இவ்வளவு எழுதினாளே என்று எல்லா வகுப்புகளுக்கும் வாசித்துக் காட்டி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசாகக் கொடுத்தார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் நான் கெட்டுப்போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பல வருடம் கழித்து உண்மையிலேயே ஒகேனக்கல் போனேன். நல்ல அருவிதான். ஆனால் கட்டுரையில் நனைந்த அளவுக்கு முகம் நனையவில்லை. மீன் பொரிக்கும் வாசனையும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவதும், வழுக்குகிற பாறையும் கட்டுரையில் இல்லவே இல்லை. எனக்கு அங்கே நிற்கும்போது லேசாக ஏமாற்றமாக இருந்தது. அருவி என் கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை என்று தோன்றியது.

வகுப்புகளும் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தன.

தார்சு வூடு

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

‘மழை என்றதும் பர்வீனின் கண்கள் பனித்தன. எங்கள் கூரை ஒழுகும்போது அம்மா வைக்கும் பாத்திரங்களின் ஓசைதான் எனக்குத் தெரிந்த ஒரே இசை என்றாள். வகுப்பு ஒரு கணம் அமைதியில் உறைந்தது. பின்னர் கைதட்டல் எழுந்தது. அன்று நான் அழுதேன்.’

பர்வீனை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்? மூன்று வாரமாக அவள் என் வகுப்பில் ‘உள்ளேன் டீச்சர்’ தவிர வேறு எதுவும் பேசியதில்லை. கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசாத பிள்ளை என்றால் சோகம் இருக்க வேண்டும், சோகம் என்றால் வறுமை இருக்க வேண்டும், வறுமை என்றால் கூரை ஒழுக வேண்டும். அப்படித்தான் என் பேனா போனது. எழுதுகிறவர்களுக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இது. வாய் திறக்காத ஆளைக் கண்டால் நம்முடைய வசனத்தை எடுத்து அவர் வாயில் வைத்துவிடுவோம்.

வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. மழையைப் பற்றிய என் பேச்சு எப்போதோ தண்டவாளத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. மேடம் நாட்குறிப்பை மூடினார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சேலத்துக்காரர். கிண்டல் செய்வதாக இருந்தாலும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் செய்வார்.

“டீச்சர், இன்னும் டைம் இருக்குதே. இதுல எழுதியிருக்கறது எதுவும் இன்னும் நடக்கலையே?”

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பர்வீன்ங்கறது யாரும்மா?”

பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழுந்தாள். மேடம் நிமிர்ந்து பார்த்தார். அவள் இவ்வளவு நேரம் தன்னோடு சேர்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் குரல் இறங்கியது.

“நீதானாம்மா அது? மழையப் பத்தி நீ என்னமோ சொன்னதா உங்க டீச்சர் எழுதியிருக்காங்க. அப்படி சொன்னியா?”

பர்வீன் என்னைப் பார்த்தாள்.

இனிமேல் சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரேவதியிடம்கூடச் சொல்லவில்லை. நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். ஒரு சின்ன அசைவுதான். ‘ஆமாம்னு சொல்லிடு’ என்று அதற்கு அர்த்தம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், ஒரு டீச்சராக, எனக்காகப் பொய் சொல்லச் சொன்னேன். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை அவள் முகத்தில் பார்த்தேன்.

“இல்லீங்க மேடம்” என்றாள். “எங்க வூடு ஒழுகாதுங்க. தார்சு வூடுங்க.”

என் வகுப்பில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார்கள். தன் வீடு கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு என்று ஒருத்தி எழுந்து நின்று அறிவிப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. “மாடி இருக்குதா?” என்று யாரோ கேட்டார்கள். பர்வீனின் காது சிவந்துவிட்டது. அவள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கையெழுத்தையும் தேர்வையும் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு ஒகேனக்கல் கட்டுரை. மறக்கவில்லை. நன்றாக நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

“அவ எதுவும் சொல்லல மேடம். நான்தான் எழுதுனேன். ஞாயித்துக்கெழமையே எழுதிட்டேன். மூணு வாரமும் அப்படித்தான்.”

சிரிப்பு நின்றது. முதல் பெஞ்சு கவிப்பிரியா கண்ணை அகல விரித்து, “டீச்சர், நீங்களும் நடக்கறதுக்கு முன்னாடியே எழுதுவீங்களா? நாங்க சயின்ஸ் ரெக்கார்டு அப்படித்தான் எழுதுவோம்” என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

வராந்தாவில் மேடம் என்னைத் திட்டவில்லை. மூன்று வாரப் பக்கங்களிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். மூன்று வாரத்தையும் மறுபடி எடுக்க வேண்டும், அப்புறம்தான் கையெழுத்தைப் பற்றிப் பேச முடியும் என்றார். பையை மாட்டிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார்.

“உன் வருஷம் போனா அடுத்த வருஷம் வரும். அந்தப் புள்ள நாளைக்கு ஸ்கூலுக்கு வரலீனா என்ன பண்ணுவ?”

மெட்ராஸ் ஐ

வெள்ளிக்கிழமை பர்வீன் வரவில்லை.

வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, வரவில்லை என்று நான் சுழி போடவே இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையும் வரவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் தெரியவில்லை என்றார்கள். இடையில் வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் எதையும் எழுதவில்லை. மாடிப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் காடு அன்றைக்கு எனக்கு வகுப்பறையாகத் தெரியவில்லை. நான் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வயசுக்கு வருகிற வயது, நாலு பேர் சிரித்துவிட்டார்கள் என்று பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் விசாரித்துக்கொண்டு போனேன். அவள் தகப்பனாரை ஊரே ‘மெத்தை பாய்’ என்றுதான் சொன்னது. பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முன்னால் கடை, பின்னால் வீடு. உண்மையிலேயே தார்சு வீடுதான். மாடியும் இருந்தது. எங்கள் வீட்டைவிடப் பெரியது.

வாசலில் கால் வைத்ததும் ஒரு கனவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அறை முழுக்க இலவம் பஞ்சு. காற்றில் மெல்ல மிதந்து, எங்கே உட்காரலாம் என்று யோசிப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெண்மைக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து மெத்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நடந்து போன அவர் மனைவிக்கும் கறுப்புக் கண்ணாடி. சுவரோரம் மெத்தை அடுக்கின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த இரண்டு பொடிசுகளுக்கும் திருவிழாக் கண்ணாடி, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

“வாங்க டீச்சர். உள்ள வராதீங்க” என்றார் மெத்தை பாய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். “எங்க அஞ்சு பேத்துக்கும் மெட்ராஸ் ஐங்க. பாத்தாலே ஒட்டிக்கும்ங்கறாங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசுங்க. பர்வீனு, டீச்சர் வந்துக்கறாங்க பாரு!”

நான் நான்கு நாளாக என் குற்றத்தைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன். அவளுக்கோ கண் வலி. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. அவள் பள்ளிக்கு வராததற்குக்கூடக் காரணத்தை நானே எழுதிவிட்டிருந்தேன்.

படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். பர்வீன் எனக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுக்கு முதுகு. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது மருத்துவம் ஒப்புக்கொள்ளாத விஷயமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லையென்றால் அவள் என்னிடம் அவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

“மன்னிச்சுக்கோ பர்வீன்” என்றேன்.

ஒரு பஞ்சு என் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

“மழைன்னா எங்க வூட்ல யாரும் அழ மாட்டாங்க டீச்சர்” என்றாள் கடைசியில். “பஞ்சு நமத்துப் போயிரும்னு அத்தா ஊசியே எடுக்க மாட்டாரு. நல்லா தூங்குவாரு. நாங்க கல்யாண மெத்தைமேல ஏறிக் குதிப்போம். அம்மாதான் திட்டும்.”

“இத ஏன் வகுப்புல சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

“கேட்டேனே. மழைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுன்னு எல்லாரையும் கேட்டேனே.”

“கேப்பீங்க டீச்சர். கேட்டுட்டு நீங்களே பதிலும் சொல்லிருவீங்க. நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிருவீங்க. அதான் ஜன்னலப் பாத்துக்கினு இருப்பேன்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் தெருவைப் பார்த்தபடி இருந்தேன். ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். என் பாடக்குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே ‘எதிர்பார்க்கும் பதில்’ என்று எழுதி வைத்திருப்பேன். யாராவது வாய் திறக்கும் முன்னால் எனக்கே அவசரம் வந்துவிடும். மூன்று வாரமாக முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அது தெரியவே இல்லை.

“டீச்சருக்கு டீ குடுங்க” என்று மெத்தை பாய் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு அவரே, “வேணாம், வேணாம், டம்ளர்லயும் ஒட்டிக்கும்” என்றார்.

அப்படியும் இரண்டு நாளில் எனக்குக் கண் சிவந்துவிட்டது. வீட்டில் அம்மாவுக்கும் ஒட்டியது. “எழுதி வைக்காம வந்தது இது ஒன்னுதான்” என்றார் அம்மா, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது

கண் சரியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ரேவதியும் மற்றவர்களும் பயிற்சி முடிந்து கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் கூடுதல் மூன்று வாரம்.

கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். வகுப்பு என்னைப் பார்த்தது. நான் வகுப்பைப் பார்த்தேன். டீச்சருக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்துக் கவிப்பிரியா எனக்குப் பதிலைச் சைகையில் காட்டினாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. வெளியே தூரத்தில் ஒரு ரயில் வந்து, நின்று, கிளம்பிப் போனது. அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் அந்த மௌனத்துக்குள் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்தாள். ஒருவன் கையைப் பாதி தூக்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டான். மூன்று வாரமாக அவர்களுக்கு முன்னால் நின்றும் அந்த முகங்களை நான் அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகள் யோசிக்கும்போது அவ்வளவு அழகாக இருப்பார்கள் என்று எந்த சீனியர் ரெக்கார்டிலும் எழுதியிருக்கவில்லை.

நாட்குறிப்பையும் அன்றன்றைக்குப் பேருந்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து ஆடி ஆடி இருக்கும். ‘இன்று பதில் வரவில்லை. காத்திருந்தேன்’ என்று ஒருநாள். ‘இன்றும் வரவில்லை. கவிப்பிரியா தூங்கிவிட்டாள்’ என்று இன்னொரு நாள். ‘கோகுல் அவனுடைய நாயைப் பற்றிச் சொன்னான். கேள்வி நாயைப் பற்றி இல்லை. இருந்தாலும் நன்றாகச் சொன்னான்’ என்று ஒருநாள். அழகான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் கோகுலின் நாயை என்னால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கற்பனை செய்திருக்க முடியாது. அந்த நாய்க்கு ரயில் சத்தம் கேட்டால் கொட்டாவி வருமாம்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், நான் கேள்வி கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் பர்வீன் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள், நடுவில் வகுப்பின் பக்கம் திரும்பினாள். இடையில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே வேறு ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு போனாள். என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது.

அவள் முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. கோகுல் மட்டும், “அப்புறம் என்னாச்சு?” என்றான்.

வசந்தா மேடம் கடைசி நாளன்று வந்து நாட்குறிப்பைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார்.

“‘இன்று பர்வீன் பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை.’ அவ்வளவுதானா? என்ன பேசினான்னு எழுதலையே?”

“பக்கம் போதாதுங்க மேடம்” என்றேன். அது முழு உண்மை இல்லை. எழுதினால் என் கை சும்மா இருக்காது, எங்கேயாவது கூரையைப் பிரித்துவிடும் என்று பயமாக இருந்தது. மேடம் அந்த இரண்டு வரியையும் மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

போன மாதம்

நான் இப்போது பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கதைகளும் எழுதுகிறேன். பர்வீன் தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், பொங்கலுக்கு நான் அனுப்புவேன்.

என் வகுப்பறை நினைவுகளை ஒரு தொடராக எழுதத் தொடங்கியபோதே இந்த அத்தியாயம் எங்கே போய் முடிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று அவள் எழுந்து நின்று சொன்ன கதையில்தான் முடிய வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட மறக்கவில்லை. அவள் தடுமாறிய இடம், கண்டுபிடித்த சொல், எல்லாம் அப்படியே காதில் இருக்கிறது. என் வாழ்நாளில் வகுப்பறையில் கேட்ட மிக நல்ல கதை அது. எழுதினால் வாசகர்கள் என்னைக் கொண்டாடுவார்கள் என்பதிலும் சந்தேகமில்லை.

போன மாதம் போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, “எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தமில்லை. பேருந்து நிலையத்தில் நின்றாள் போலிருக்கிறது, ஊர்ப்பெயர்களைக் கூவுவது கேட்டது. நான் எதுவும் பேசாமல் இருந்தேன். ரொம்ப நேரம் இருந்தேன்.

“மத்ததெல்லாம் எழுதிக்கோங்க டீச்சர்” என்றாள். “அது மட்டும் வேணாங்க.”

“ஏம்மா?”

“அத நான் எழுதலாம்னு இருக்கேங்க.”